செல்லத்தம்பி வாங்கிள் பண்ணின கிணறு

சாம்பல்தீவுச் செல்லத்தம்பிக்கு எதையும் நேரே கேட்டுப் பழக்கமில்லை. ஒரு முருங்கைக்காய் வேணுமெண்டாலும் பக்கத்து வளவுக்காரியின் மரத்தை நின்று புகழ்ந்து, அவளாகவே பறித்துத் தரும்படி செய்துபோடுவார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரனின் நேவி முகாமுக்குச் சமைக்கப் போனார். பார்த்தால், இந்த வித்தைக்கு வெள்ளைக்காரனிடம் ஒரு சொல்லே இருக்கு: வாங்கிள்! ஒரு மாலுமி லீவை வாங்கிள் பண்ணினேன் என்று நெஞ்சை நிமிர்த்துவான். அடுத்தவன் லீவு எடுத்தால் அதே சொல்லைத் துப்புவதுபோல் சொல்லுவான். தான் செய்தால் கெட்டித்தனம், மற்றவன் செய்தால் களவு. செல்லத்தம்பிக்குச் சந்தோசம் தாங்கேல்லை, ஒரே புளுகம்.

நாற்பத்திமூன்றில் நேவி கடற்கரையோரம் முள்ளுக்கம்பி அடிக்க, ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளே போய்விட்டது. மற்றதெல்லாம் உவர். அவருடைய பெண்சாதி அன்னப்பிள்ளை ஏழுமாதப் பிள்ளைத்தாச்சி. இடுப்பில் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்து நடந்து கால் வீங்கிப்போச்சு.

"முகாம் துரையிட்டக் கேளுங்கோவன்," என்றாள்.

"கேட்டால் ஏலாது எண்டுவான். நீ பேசாமல் இரு, அவனே பெண்டுகள் உங்களைத் தண்ணி அள்ளக் கூப்பிடுவான்."

அடுத்தநாள் துரைக்குத் தேத்தண்ணி வைக்கும்போது, "ஐயா, நிறையப் பேர் அள்ளாவிட்டால் கிணறு பாசி பிடித்து நாறும்," என்று அரைகுறை இங்கிலீசில் மெல்லப் போட்டுவைத்தார். ஊர்ப் பெண்களைக் கூப்பிடுவான் என்பது கணக்கு. துரை அவர் தோளில் தட்டி மெச்சினான். மறுநாளே ஒரு பம்ப் வந்து இறங்கியது!

அது விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை இறைத்து லொறி கழுவியது. ஒரு கிழமைக்குள் கடல் ஊறி நல்ல தண்ணீரும் உப்பாய்ப் போச்சு. அந்தக் கிழமையே அன்னப்பிள்ளை பாதிவழியில் குடத்தோடு விழுந்தாள். ஆள் தப்பிவிட்டாள், வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. செல்லத்தம்பி சமையல் உடுப்போடு துரையின் அறைக்குள் ஓடினார். வாங்கிளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "வைஃப். பேபி. வாட்டர். பிளீஸ்," என்று கைகூப்பி அழுதார்.

துரை எழும்பிவிட்டான். "இதை ஏனப்பா முதலே சொல்லேல்லை?"

அன்றைக்கே பம்ப் நின்றது. காலையில் பெண்கள் தண்ணீர் அள்ள முள்ளுக்கம்பிப் படலையும் திறந்தது.

அன்னப்பிள்ளை முதல் செம்புத் தண்ணியைக் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"உங்கட கெட்டித்தனம் இன்னும் கரிக்குது."

"ஓம்," என்ற செல்லத்தம்பி, செம்பை வாங்கி மிச்சத்தைத் தானே குடித்தார்.