போர்வைக்கு அடியில் ஆறு சோபா

புதுத் துணி போடுவதற்காக ஒரு பழைய சோபா கடைக்குள் வந்துவிட்டால் சோபாக்காரர் செய்கிற முதல் வேலை அதன் துணியை உரிப்பது. அளவெடுப்பது, துணி மாதிரி காட்டுவது, டீ சொல்வது எல்லாம் அதற்குப் பிறகுதான். தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் திருப்புளியால் இரண்டு பக்கப் பின்களையும் நெம்பி, குறடால் ஒரு இழுப்பு இழுப்பார். முதுகுத் துணி மொத்தமும் கையோடு வந்துவிடும்.

"பிரிச்சாச்சுன்னா அது நம்ம சோபா" என்பார்.

பிரிக்காமல் வைத்த சோபாவை மறுநாளே இன்னொரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. எலும்பும் பஞ்சுமாக நிற்கிற ஒன்றை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. இதுவே பிற்பாடு அவர் கழுத்தைப் பிடித்தது.

தெருவில் அவருக்குச் சோபாக்காரர் என்றே பெயர். வீட்டில் சோபா கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டில், அவ்வளவுதான். மனைவியின் தம்பி வரும்போதெல்லாம் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டு, மாமா ஊரையே உட்கார வைக்கிறார், அக்காவைத்தான் நிற்க வைத்திருக்கிறார் என்று சொல்லாமல் போனதில்லை. அக்கா நிற்பது உண்மைதான். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு வந்தால் வீட்டில் ஒரு நோட்டைத் தொடக்கூட அவளுக்குப் பிடிக்காது. அதனால் கல்யாணமான புதிதிலேயே ஓர் ஏற்பாடு. வாடகை, மளிகை, கரண்ட் எல்லாம் அவர் பாடு. அவள் சம்பளத்தில் கைச்செலவு போக மிச்சமெல்லாம் வங்கிக்கு, மகளின் நர்சிங் படிப்புக்கு. கடைக் கணக்கை அவளும் கேட்டதில்லை, வங்கிக் கணக்கை அவரும் கேட்டதில்லை. இருவருக்கும் இது மரியாதையாகவே பட்டது.

அவருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கடைக் கணக்கில் ஓட்டை விழுந்தது ஆஸ்பத்திரியில். இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை செய்ய வேண்டியிருந்தது. அன்றைக்குக் கல்லாவில் ஒரு சோபாவுக்கான அட்வான்ஸ் முழுசாக இருந்தது. எடுத்துக் கட்டினார். எந்தப் புருஷனும் கட்டுவான். அந்தச் சோபாவுக்கு ஃபோமும் துணியும் வாங்க அடுத்து வந்தவரின் அட்வான்ஸ் உதவியது. அவருடையதற்கு அதற்கடுத்தவருடையது. வேலை நின்றுவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் எப்போதும் ஒரு சோபா பின்தங்கியே ஓடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாக்கி ஒன்று இரண்டானது மழைக்காலத்தில். அந்த மாதம் ஆர்டர் இல்லை, வாடகை மட்டும் இருந்தது. பிறகு ஃபோம் விலை ஏறியது. அட்வான்ஸ் சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காகக் கூலியைக் குறைத்துச் சொன்னார். குறைத்ததால் ஆர்டர் நிறைய வந்தது. வந்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கையைக் கடித்தது. கடிபட்ட இடத்தை அடைக்க இன்னும் ஓர் ஆர்டர் வேண்டியிருந்தது. இப்படியாக ஆறு சோபா, அத்தனையும் உரித்தது, அத்தனைக்கும் பணம் வாங்கியது, ஒன்றுக்கும் கடையில் ஒரு முழம் துணி இல்லை.

உரித்த சோபாக்கள் தெருவில் போகிறவர்கள் கண்ணில் பட்டால் கேள்வி வரும். வீட்டிலிருந்து பழைய போர்வைகளை எடுத்து வந்து மூடி வைத்தார். தூசி விழாமல் இருக்க என்று சொல்லிக்கொண்டார். மூடியபின் பார்த்தால் அவருக்கே ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் முடிந்து, கொண்டுபோக ஆள் வருவதற்காகக் காத்திருப்பது போலிருந்தது.

அப்படித்தான் மனைவியும் நினைத்தாள். மருந்துக்கடையிலிருந்து திரும்புகிற வழியில் பஸ் ஜன்னல் வழியாகக் கடையைப் பார்ப்பாள். கால் வைக்க இடமில்லாமல் நிரம்பியிருக்கும். தம்பியிடம் போனில் சொன்னாள். இப்போதெல்லாம் மாமாவின் கடையில் நிற்கவே இடமில்லை, வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசு என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த போட்டோக் கடையைக் காலி செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளே கட்டட உரிமையாளரிடம் போய்ப் பேசினாள். நடுச்சுவரில் ஒரு வாசல் வைத்துக்கொள்ளலாம், முன்பணம் மட்டும் மாதக் கடைசிக்குள் வேண்டும் என்றார்.

"நம்ம பாங்க் பணத்துல எடுத்துக்கலாம்ங்க. பாப்பாவுக்குக் கட்ட இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள நீங்க திருப்பிட மாட்டீங்களா" என்றாள். அவர் தட்டைப் பார்த்தபடி, பார்க்கலாம் என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் தன் தம்பியிடம் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதை எப்படி மறுப்பது.

மறுக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பணம் கைக்கு வந்தால் ஆறையும் முடித்துவிடலாம். அந்தப் போட்டோக் கடை அறையை வேறொருவன் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று சொல்லிவிடலாம். முடித்தால் மீதிக்கூலி வரும், அதை அப்படியே வங்கியில் போட்டுவிடலாம். கடையில் தனியாக இருக்கிற நேரமெல்லாம் மனசுக்குள் இதையே கூட்டிக் கழித்துப் பார்த்தார். மீதிக்கூலி எவ்வளவு என்று வருகிறபோது மட்டும் கணக்கு உதைத்தது.

பல் டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார். அவருடைய வரவேற்பறை நீள சோபாதான் ஆறில் மூத்தது.

"என்னண்ணே, உங்ககிட்ட குடுத்ததுலேர்ந்து என் பேஷண்ட்டுங்க நின்னுக்கிட்டே பல்வலியை அனுபவிக்கிறாங்க. சிலபேருக்கு நிக்கிறப்பவே வலி போயிடுதாம், திரும்பிப் போயிடறாங்க."

கேட்ட கலர் இன்னும் வரவில்லை என்றார் சோபாக்காரர். டாக்டர் போர்வையின் ஓரத்தைத் தொட்டார். தூக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன், அப்புறம் கட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அட்வான்ஸோடு, என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். தோளில் பை, பைக்குள் மருந்துக்கடைக் கவர், கவருக்குள் வங்கியிலிருந்து எடுத்த பணம். நாலு மணிக்குக் கட்டட உரிமையாளர் வருவதாகச் சொல்லியிருந்தார். பணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நீ வீட்டுக்குப் போ, நான் பேசிக்கொள்கிறேன் என்று சோபாக்காரர் இரண்டு தடவை சொன்னார்.

"இருக்கட்டும்ங்க, நானும் கூட இருக்கேன். காலெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றபடி அவள் உட்கார்ந்தாள்.

நாள் முழுக்க நிற்கிறவள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள், தொப்பென்று, முழுப் பாரத்தையும் கொடுத்து. பூப்போட்ட போர்வை அவளோடு சேர்ந்து உள்ளே போனது. அடியில் தாங்கிக்கொண்டிருந்த இற்றுப்போன பட்டைகள் இரண்டு அறுந்தன. முட்டி நெஞ்சுக்கு வர, இடுப்பு சட்டங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். பை மட்டும் அவள் மடியை விட்டு நழுவவில்லை.

எழுந்தவள் முதலில் சிரித்தாள். அப்புறம் போர்வையை உருவினாள். பக்கத்துப் போர்வையையும் உருவினாள். அவர் தடுக்கவில்லை. ஆறாவதை உருவும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இதுல எதுக்கெல்லாம் அட்வான்ஸ் வாங்கியிருக்கீங்க?"

"எல்லாத்துக்கும்."

"அந்தப் பணமெல்லாம் எங்க?"

"வீட்டுலதான் இருக்கு" என்றார். கேட்பதற்குப் பொய் மாதிரி இருந்தது, ஆனால் பொய்யில்லை. ஒவ்வொரு சோபாவாகக் காட்டிச் சொன்னார். இது உன் ஆபரேஷன். இது மழைக்கால வாடகை. அது பாப்பாவின் கண்ணாடி, மிச்சத்தில் கேஸ். அது மளிகை, அதுவும் மளிகை, அது கரண்ட். அவள் கடைசியாக உருவிய போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இவ்வளவு நாளா அடுத்தவங்க சோபாவைத்தான் நாம தின்னுக்கிட்டு இருந்தோமா?"

அவர் அறுந்து தொங்கிய பட்டையை எடுத்துச் சுருட்டினார். அவள் மேலும் கேட்டாள்: "இந்தக் கவரைக் குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் பார்வை பைக்குப் போனது. அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பஸ்ஸில் கூட்டத்தில் ஏறும்போது மூடுவாளே, அந்த மாதிரி.

உரிமையாளர் சரியாக நாலு மணிக்கு வந்தார். அறை வேண்டாம் என்றாள் அவள். இருக்கிற இடத்தையே இன்னும் நிரப்பவில்லை என்றாள். அவர் கடையை ஒரு பார்வை பார்த்தார். நிரம்பி வழிகிறதே என்றார். பார்த்த அளவில் அவர் சொன்னதும் சரிதான்.

அவர் போனபிறகு அவள், பல் டாக்டரின் சோபாவுக்கு மட்டும் என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். ஃபோம் எத்தனை அங்குலம், ரெக்சின் எத்தனை மீட்டர், பட்டை எவ்வளவு. சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டாள். பணத்தை அவர் கையில் கொடுக்கவில்லை. ஃபோம் கடைக்கு நானே போய்க் கட்டிவிடுகிறேன், சாமான் வரும், ராத்திரி ஆனாலும் முடியுங்கள், அந்த மீதிக்கூலியில்தான் அடுத்த சோபா என்றாள். அடுத்ததற்கு என்னிடம் கேட்காதீர்கள், பாப்பாவின் பணம் இதோடு சரி. மீதி ஐந்து பேருக்கும் இன்றைக்கே போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னாள். யாராவது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்றார் அவர்.

"கேப்பாங்க. கேட்டா வாரா வாரம் கொஞ்சம் தர்றேன்னு சொல்லுங்க. திட்டினா வாங்கிக்குங்க."

அவள் போர்வைகளையெல்லாம் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். துவைக்கணும் என்றாள். அவற்றில் ஒன்றிரண்டைத் துவைத்தும் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவருக்கு மிகவும் உறைத்தது.

அவள் போனபின் கடை தெருவைப் பார்த்து அப்படியே திறந்து கிடந்தது. சட்டங்களும் துருப்பிடித்த ஸ்பிரிங்குகளும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. ஒரு குட்டி லாரி வந்து நின்றது. ஒரு கணவனும் மனைவியும், பின்னால் மூன்று பேர் உட்காரும் சோபா. நாலு கடை விசாரித்ததில் இங்கேதான் கூலி குறைவு என்று சொன்னார்களாம். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டபடியே அந்த ஆள் பர்ஸைத் திறந்தார்.

திருப்புளி சோபாக்காரரின் கையில் இருந்தது. அது எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நல்ல சட்டம், நல்ல மரம். முதுகுப் பக்கம் இரண்டே இரண்டு பின்தான்.

"இப்ப இறக்காதீங்க சார். முன்னாடி ஆறு கிடக்கு. வீட்டுலயே வெச்சு உட்கார்ந்துக்கிட்டு இருங்க. முறை வர்றப்ப துணியோட நானே வர்றேன், அட்வான்ஸ் அப்ப குடுத்தா போதும்" என்றார்.

அந்த மனைவி உள்ளே நிற்கிற ஆறையும் பார்த்தாள். கணவனின் சட்டையை லேசாகப் பிடித்து இழுத்தாள். எப்போது முறை வரும் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. லாரி திரும்பி மெயின் ரோட்டின் பக்கம் போனது. அங்கே இன்னொரு கடை இருக்கிறது.

அவர் திருப்புளியை ஆணி டப்பாவுக்குள் போட்டார். கவிழ்த்து வைத்திருந்த போனை நிமிர்த்தி, ஐந்து பேரில் யார் குறைவாகத் திட்டுவார்கள் என்று யோசித்தார். பிறகு, அதிகமாகத் திட்டக்கூடியவரின் எண்ணையே முதலில் அழுத்தினார்.