சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்?

1. போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் லேபிள் அடிக்கும் பிரிண்டர் நின்றுபோனது.

2. ஜன்னலுக்கு வெளியே வரிசை மாடிப்படி வரை போயிருந்தது.

3. ஸ்டோர் ரூம் பரணில் கிடந்த பழைய காக்கிக் கவர் கட்டை இறக்கி, தூசி தட்டி, பேனாவால் எழுத ஆரம்பித்தோம்.

4. முதல் கவரை எழுதியதும் என் வாய் தானாக, "காலையில எத்தனை மணிக்குங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டது.

5. வரிசையில் முதலில் நின்ற பெரியவர், "ஏம்மா, நீ வந்து சமைச்சுத் தரப்போறியா?" என்றார். மாடிப்படி வரைக்கும் சிரித்தார்கள்.

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. மளிகைக்கும் பட்டியல், மன்னிப்புக் கேட்பதற்கும் பட்டியல். ஆனால் அந்தக் காக்கிக் கவரின் வாசனை பட்டியலில் அடங்கவில்லை. கொஞ்சம் பசை, கொஞ்சம் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. அதை முகர்ந்ததும் நான் சேலத்தில் இல்லை. ஏற்காட்டில், ஏரிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன மெடிக்கல் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

பி.ஃபார்ம் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை அது. அடிவாரத்தில் ஒரு அறையில் தங்கியிருந்தேன். காலை முதல் பஸ்ஸில் மலை ஏறுவேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வரும் என்பதால் வெறும் வயிற்றோடு ஏறி, எட்டரை மணிக்குக் கடையில் உட்கார்ந்துதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பேன். இந்த இட்லியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு வெட்கம் வரப்போவது அதனால்தான்.

ஒன்பது மணிக்குத் தலைச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வரும். அதன் கண்டக்டர் மாணிக்கம் அண்ணன் ஒரு மஞ்சள் துணிப்பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்ப்பார். மிளகு வாசனையும் டீசல் வாசனையுமாக, தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள் கொட்டும். மலையில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மாத்திரை வாங்க யாரால் வரமுடியும்? அதனால் காலி அட்டையைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். மதியம் பஸ் திரும்பும்போது புது மாத்திரை போகும். கடை திறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. பெயர் இருக்கும் பக்கத்தை முதலில் கத்தரித்துவிட்டு, வெள்ளித்தாளின் வெறும் மூலையை மட்டும் அனுப்பியிருந்தார் ஒருவர்.

"இது யாரோடதுங்கண்ணா?"

"பெரியசாமிதுங்க. மஞ்ச மாத்தர."

"மஞ்சள்ல என்கிட்ட பதினெட்டு மாத்திரை இருக்கு."

"அப்ப அதுல நல்லதாப் பாத்துக் குடுங்க கண்ணு."

ஒரே மாதத்தில் நான் சட்டம் போட்டேன். அட்டையில் பெயர் உள்ள பக்கத்தைக் கடைசியில் பிரிக்க வேண்டும். டாக்டர் சீட்டை ஒரு முறையாவது கடைக்கு அனுப்பவேண்டும், நான் நோட்டில் நகல் எடுத்துக்கொள்வேன். நோட்டில் இல்லாத ஆளுக்கு மாத்திரை கிடையாது. தலைச்சோலையில் என்னை 'நோட்டுக்காரப் பொண்ணு' என்று கூப்பிடுகிறார்கள் என்று மாணிக்கம் அண்ணன் சந்தோஷமாக வந்து சொன்னார். எனக்கும் பெருமைதான். காக்கிக் கவரில் முத்து முத்தாக எழுதுவேன்: காலை 1, சாப்பாட்டுக்கு முன். அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு வேறு.

அந்த நோட்டில் ஏழாம் பக்கம் லூர்து அக்காவுடையது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். சர்க்கரை நோய் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய காலி அட்டைகளை மட்டும் தெரியும். ஒழுங்காக, பெயர்ப் பக்கம் கிழியாமல் வரும். என் மனதில் அவருக்குத்தான் முதல் மதிப்பெண்.

மார்கழியில் ஒரு நாள் மாணிக்கம் அண்ணன் பையைக் கவிழ்க்காமல் நின்றார்.

"லூர்து அக்கா நேத்து தோட்டத்துல மயங்கி உழுந்துருச்சுங்க. இதோட ரெண்டாவது தடவ. ரைட்டரு சொல்லிப்போட்டாரு, இன்னொருக்கா உழுந்தா பேரு எழுத மாட்டாராமா."

எஸ்டேட்டில் ரைட்டர் காலையில் பெயர் எழுதினால்தான் அன்றைக்கு வேலை. சரிவில் விழுந்து யாருக்காவது மண்டை உடைந்தால் பதில் சொல்லவேண்டியது அவர், அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பழம் பறிக்கும் சீசனில் பெயர் இல்லையென்றால் லூர்து அக்காவுக்கு அந்த வருஷத்துச் சம்பாத்தியமே இல்லை.

"பலாமரத்துக்கிட்டத்தான் ரெண்டு வாட்டியும் உழுந்துச்சாமா. அந்த மரத்துல என்னமோ இருக்குதுங்கறாங்க," என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

மரத்தை விட்டுவிட்டு நான் நோட்டை எடுத்தேன். டாக்டர் எழுதிய மருந்து: சரி. அளவு: சரி. நான் கொடுத்த மாத்திரை: அதேதான். காலாவதி: இல்லை. கவரில் எழுதியது: சீட்டில் உள்ளபடி. ஐந்துக்கும் டிக் அடித்தேன். ஐந்து டிக்கையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் விழுகிறாள், என் நோட்டில் ஒரு தப்பும் இல்லை. அக்காவை நேரில் வரச் சொல்லுங்கள், பக்கத்துக் கிளினிக்கில் சீட்டு எழுதிய டாக்டரிடமே காட்டலாம் என்று சொல்லியனுப்பினேன்.

மறுநாள் அதே பஸ்ஸில் வந்தார். ஒல்லியாக, தலையில் கம்பளித் துணி கட்டி, கையில் டிபன் டப்பாவோடு. டாக்டர் பத்தரைக்குத்தான் வருவார். கடை பெஞ்சில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நோட்டுக்காரப் பொண்ணுன்னதும் நொம்பப் பெரிய ஆளுன்னு நெனச்சேன். இத்தினியூண்டு இருக்கற."

"நோட்டுதாங்கக்கா பெருசு."

பத்து மணி இருக்கும். அக்கா டப்பாவை மடியில் வைத்துத் திறக்கப் பார்த்தார். மூடி வரவில்லை. விரல்கள் நடுங்கின. அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை.

நான் ஓடிப்போய் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துவந்து, அக்காவின் விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் சர்க்கரையை அள்ளிப் போடச் சொல்லி ஒரு டம்ளர் பால் வாங்கிக் கொடுத்தேன்.

"சக்கரக்காரிக்குச் சக்கரயா? நீ படிச்சவதான?" என்று கேட்டபடியே குடித்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. டப்பா திறந்தது. களியும் கீரையும்.

"மாத்திரை எப்பப் போட்டீங்கக்கா?"

"அஞ்சரைக்கு. ஊட்டுல கடுங்காப்பி குடிச்சிட்டு, போட்டுட்டுத்தான் கெளம்புவேன்."

"சாப்பாடு?"

"தோட்டத்துல பத்து மணிக்கு விசில் அடிச்சாத்தான் டப்பாவத் தொறப்போம். நீதான சாமி கவர்ல எழுதியிருக்க, சாப்பாட்டுக்கு முன்னன்னு? முன்னாடியேதான் போட்டேன்."

"எவ்வளவு முன்னாடின்னு..."

"அத எங்க எழுதின?" என்றார் அக்கா, களியை உருட்டிக்கொண்டே.

எழுதவில்லை. அடியில் கோடுதான் போட்டிருந்தேன். வாயில் போட்ட மாத்திரை நாலரை மணி நேரம் வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சீசன் இல்லாத மாதங்களில் அக்கா வீட்டில் ஆறு மணிக்கே சாப்பிடுவாராம், அதனால்தான் அதுவரை விழவில்லை. சீசனில் விசிலுக்குக் கொஞ்சம் முன்னால், பறிப்பவர்கள் பலாமரத்தை எட்டும் நேரத்தில், விழுந்திருக்கிறார். இத்தனைக்கும், வளைவுகளுக்குப் பயந்து காலைச் சாப்பாட்டைத் தினமும் தள்ளிப்போட்டவள் நான். அந்த இட்லி என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும்.

டாக்டர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "எட்டு மணி சாப்பாடுன்னு நெனச்சு எழுதிட்டேன்மா. நான் கேக்கவே இல்ல."

"நானும் கேக்கல சார்."

"என்னையும் யாரும் கேக்கலீங்க," என்றார் லூர்து அக்கா. அவருக்குக் கோபமே இல்லை. எங்கள் இருவரையும் பார்த்துப் பரிதாபப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டர் அளவைக் குறைத்து, வேறு சீட்டு எழுதினார். மாத்திரை இனி வீட்டில் இல்லை. தோட்டத்தில், விசில் அடித்து டப்பா திறந்த பிறகு. நடுக்கம் வந்தால் வாயில் போட முந்தானை முடிச்சில் கொஞ்சம் வெல்லம். ரைட்டருக்கு ஒரு கடிதம், மயக்கத்தின் காரணம் இது, மாற்றியாகிவிட்டது, ஒரு வாரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று. கடிதம் மஞ்சள் பையில்தான் போனது.

அந்த ஒரு வாரமும் மாணிக்கம் அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தலைப்புச் செய்தி வாசிப்பார். "நேத்தும் உழுவலீங்க!" டிக்கெட் வாங்கியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழாம் நாள், "ரைட்டரு இனி தெனமும் பேரு எழுதறேன்னுட்டாருங்க. மரத்தத்தான் வெட்டலாமான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க, பாவம் தப்பிச்சுது," என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டு இட்லி கொடுத்தேன்.

பிறகு நோட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினேன்: காலையில் முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு? பதில்கள் பையில் வந்தன. எட்டு. பத்து. பத்தரை. 'கோயில் முடிஞ்சு'. பெரியசாமி மட்டும் யாரையோ விட்டு எழுதியனுப்பியிருந்தார்: 'மருமவ போடறப்ப'. அதற்கு என்ன கவர் எழுதுவது என்று டாக்டரும் நானும் அரை மணி நேரம் யோசித்தோம்.

இப்போது அந்தக் கடை இல்லை; அந்த இடத்தில் சாக்லேட்டும் தைலமும் விற்கிறார்கள். மாணிக்கம் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். சீட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் மருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது. மஞ்சள் பை போனதில் எனக்கு வருத்தமில்லை. அது ஆபத்தான பை. ஆனால் அதில் கேள்வி போனது, பதில் திரும்பி வந்தது. போனில் வரும் படத்தில் யாருடைய விரலும் நடுங்குவது தெரியாது.

லூர்து அக்கா மலைமேல் வெள்ளக்கடை என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். வேலைக்குப் போவதில்லை. இருந்தும் பத்து மணிக்குத்தான் சாப்பிடுகிறார், விசில் இல்லாமலே.

இங்கே நிலவரம் இது: பிரிண்டரைப் புதன்கிழமை சரிசெய்துவிட்டார்கள். லேபிளில் 'காலை 1, உணவுக்கு முன்' என்று அச்சாகிறது. பக்கத்தில் மணி எழுத ஓர் இடம் வேண்டும் என்று நான் கொடுத்த மனு கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை. ஜன்னலில் கேட்டு, லேபிளின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.