கடுகண்ணாவையில் கட்டிய சாரம்

மகள் கொழும்புக்குப் புறப்படுகிறாள். கட்டில் மேல் பையைத் திறந்து வைத்து, இரண்டே இரண்டு உடுப்பை மடித்துப் போட்டுவிட்டு மூடினாள்.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“எதுக்கும் ஒத்துப்போற மாதிரி எடுத்துட்டேம்பா. ஆபீசுக்கும் ஆச்சு, கல்யாண வீட்டுக்கும் ஆச்சு.”

திறந்திருந்த அலமாரியிலிருந்து பூச்சி உருண்டை வாசனை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று என்னைக் கவனிப்பது போலிருக்கும். திரும்பிப் பார்த்தேன். மனைவிதான். அதிலும் பெரிய ஆறுதல் இல்லை என்று வையுங்கள்.

அது ஓர் இரவல் காற்சட்டையின் வாசனை. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அதை வருஷம் முழுக்கப் பூச்சி உருண்டைக்குள் புதைத்து வைத்திருந்தார். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு மீசை முளைத்திருந்தது, தைரியம் இன்னும் முளைக்கவில்லை. கொழும்பில் ஒரு அரிசிக் கடையில் வேலை இருப்பதாகவும், முதலாளி நேரில் பார்க்க விரும்புவதாகவும் சொல்லியனுப்பியிருந்தார்கள். பொகவந்தலாவையிலிருந்து கொழும்புக்குப் போவது பெரிய காரியமில்லை. போகிற வழியில் பிடிபடாமல் இருப்பதுதான் காரியம். பிரஜாவுரிமை கேட்டு அப்பா போட்ட மனு ஏதோ அரசாங்கக் கந்தோரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் இந்த மண்ணில்தான் பிறந்தேன் என்பதற்கு என் அம்மாவைத் தவிர அத்தாட்சி கிடையாது. பொலிஸ்காரன் நிறுத்திக் கேட்டால் நான் இந்தியாவிலிருந்து களவாக வந்திறங்கிய கள்ளத்தோணி.

லயத்து வரிசையில் அடுத்த காம்பிரா மாரிமுத்து மாமா ஒரு தடவை கொழும்புக்குப் போய், ஸ்டேஷனில் பிடிபட்டு, பொலிஸில் ஒரு ராத்திரி உட்கார்ந்துவிட்டு வந்தவர். அதனால் பயண விஷயத்தில் அவர் பேச்சுக்கு எங்கள் லயத்தில் மறுபேச்சு இல்லை.

“நான் வேட்டி கட்டிப் போனேன், மாட்டுனேன். நீ களுசான் போட்டு ஏறு. படிச்ச புள்ளன்னு பொலிஸ்காரன் விட்டுருவான்.”

“அப்ப கொழும்பு வரைக்கும் களுசானா மாமா?”

“கெட்டுச்சு போ! கடுகண்ணாவ தாண்டுனா களுசான் போட்டவன்கிட்ட இங்கிலீசு பேசுவான். ஒனக்கு என்னா வரும், யெஸ்ஸூ, நோவு. அங்கிட்டு சிங்களவன் மாதிரி சாரத்தைக் கட்டிக்க. கொழும்பு கோட்டையில எறங்கையில மறுபடியும் களுசான்.”

அப்பா குறுக்கே வந்தார். “மொதலாளி திருநீத்துப் பட்டை போட்டவரு. கடைக்குள்ள வேட்டி இல்லாம போனியின்னா வாசல்லயே திருப்பிருவாரு, பாத்துக்க.”

ஆக ஒரு ரெக்சின் பைக்குள் சாரம், வேட்டி, உடம்பில் மாமா சொன்ன களுசான், அதாவது கிளாக்கரின் காற்சட்டை. மேலுக்கு மட்டும் ஒரே வெள்ளை அரைக்கைச் சட்டை. அது மூன்றுக்கும் சம்மதித்தது. அந்தப் பயணத்தில் நிதானமாக இருந்தது அந்தச் சட்டை ஒன்றுதான்.

ஹட்டனில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் இருக்கையில் ஒரு ஆள் இருந்தார். மண்ணிறக் கோட்டு, நரைக்கத் தொடங்கிய மீசை, முகம் பார்க்கிற மாதிரிக் காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. அந்தப் பளபளப்பு பொலிஸில் மட்டும்தான் கிடைக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். வெளியே மலை மலையாகத் தேயிலை போகிறது, மனிதர் ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் பையையே பார்த்தார். சரிதான், சீ.ஐ.டி.

நாவலப்பிட்டி தாண்டியதும் கேட்டார்: “கொஹெத யன்னே?” எங்கே போகிறாய் என்கிறார்.

“கொழம்பட்ட,” என்றேன். கொழும்புக்கு.

அவருடைய சிங்களம் என்னுடையதைவிட மோசமாக இருந்தது. வேறொருவன் என்றால் நிம்மதியடைந்திருப்பான். நான் விடுவேனா? வேண்டுமென்றே தப்பாகப் பேசி என் வாயைக் கிளறுகிறான் என்று முடிவு கட்டினேன்.

கடுகண்ணாவை வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கக்கூசுக்குள் போனேன். கோச்சி இறக்கத்தில் குலுங்கியது. காற்சட்டைப் பொத்தானில் கை வைக்கவும் சுரங்கம் வந்து கும்மிருட்டாகிவிட்டது. கழற்றி இருட்டுக்குள் எங்கே போடுவது, கிளாக்கரின் உயிரல்லவா? காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு அதன் மேலேயே சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அந்த ஆள் என் இடுப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கடைசியில் என் காலைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். குனிந்தேன். சுருட்டிய ஒரு கால் மெல்ல அவிழ்ந்து, சாரத்துக்குக் கீழே வந்து, ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துப்பாக்கி அதற்குள்தான் இருக்க வேண்டும். கொழும்புக்கு முந்திய ராகமை நெருங்கும்போது மறுபடி கக்கூசுக்குள் போய்ச் சாரத்தை அவிழ்த்து, காற்சட்டைக்காரனாகத் திரும்பினேன். அவர் எழுந்து நின்றார். முடிந்தது கதை என்று நான் கையிரண்டையும் நீட்டாத குறை. அவரோ கும்பிட்டார்.

“ஐயா, நான் ஒரு தப்பும் பண்ணலைங்க. கந்தப்பளையில பொறந்தவன். மவ கொழும்பு ஆஸ்பத்திரியில கெடக்கா. ஒரு எட்டுப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன். எறக்கிப்புடாதீங்க ஐயா.”

நம் ஊர்த் தமிழ். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, சீ.ஐ.டி. அழவும் படித்திருப்பான். இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டி விசாரணையில் இறங்கினேன்.

“கந்தப்பளையா? ஒங்க தோட்டத்துல காலையில ஆளுங்கள வேலைக்குக் கூப்புடுற பெரட்டுக்கு என்னா, கொம்பு ஊதுறதா, தப்பு அடிக்கிறதா?”

“தப்புதாங்க. அடிக்கிறதே எங்க மாமன்தானுங்க.”

பொய் சொல்கிறவன் தோட்டத்துத் தலைவரைத்தான் மாமன் என்பான். விடியற்காலைப் பனியில் நின்று தப்படிக்கிறவரை மாமன் என்று சொன்ன பிறகு விசாரணையை முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“அண்ணே, நான் பொகவந்தலாவ. எனக்கும் காயிதம் கெடையாது.”

கும்பிட்ட கை அப்படியே நின்றது. “அடப்பாவி! அப்பறம் எதுக்குய்யா இந்தக் கூத்து? களுசானுங்கிற, சாரங்கிற, மறுபடி களுசானுங்கிற! வேசம் மாத்தி மாத்தி எம்பின்னாடி வர்ற சீ.ஐ.டி.ன்னு எனக்கு நெஞ்சே அடச்சுப் போச்சு!”

சப்பாத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பத்திரிகைத் தாள் அடைத்திருந்தது. சப்பாத்து அவர்கள் தோட்டத்துக் கிளாக்கருடையது. கோட்டு, மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவுடையது. மடியிலிருந்த பைக்குள் மகளுக்கு வாங்கிய பாண் ரொட்டியும் ஒரு வேட்டியும். நானும் மாரிமுத்து மாமாவின் யோசனையை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

கோட்டை ஸ்டேஷனில் ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்களைப் போல முன்னும் பின்னுமாக இறங்கினோம். வாசலில் நிஜப் பொலிஸ்காரர் நின்றார். கந்தப்பளைக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிக்குத்தான் அத்தனை ஏற்பாடு. அரிசிக் கடையில் மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்து வேட்டி கட்டிக்கொண்டு முன்னே போய் நின்றேன். முதலாளி வெற்றுடம்பும் சாரமுமாக உட்கார்ந்திருந்தார். என் உடுப்பைப் பார்க்கவே இல்லை. “நாளைக்கே வந்துருவியா?” என்றார்.

சில வருஷம் கழித்து, லீவில் வந்தபோது, ஹட்டன் ஸ்டேஷனில் யாரோ கூப்பிட்டார்கள். “என்ன சீ.ஐ.டி. ஐயா, சொகமா?”

அவரேதான். வெள்ளை வேட்டி, பக்கத்தில் தகரப் பெட்டி, சம்சாரம், நன்றாகத் தேறி வளர்ந்துவிட்ட அந்த மகள். பிளாட்பாரம் முழுக்க அழுகை. இரண்டு நாட்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி அவர்களை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் வேட்டியைப் பயமில்லாமல் கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன்.

சிரித்தார். “அங்க போனவங்க காயிதம் போடுறாங்க தம்பி, அங்க நம்மள சிலோன்காரன்னு சொல்றாங்களாம். அதுக்கு என்னத்த உடுத்துறதுன்னு ஒங்க மாரிமுத்து மாமாவக் கேட்டுச் சொல்லுங்களேன்.”

மாமாவைக் கேட்க முடியவில்லை. அவர் அதற்கு முந்திய கோச்சியிலேயே இந்தியாவுக்குப் போய்விட்டார்.

அவர்களை ஏற்றிப்போன தலைமன்னார்க் கப்பலும் இப்போது ஓடுவதில்லை. வெள்ளைச் சட்டை அடுப்படித் துணியாகி, கரியாகி, காணாமல் போயிற்று. இன்று உடுப்பை யார் பார்க்கிறார்கள்?

“அடையாள அட்டைய எடுத்தியா?” என்று மகளைக் கேட்டேன்.

“மூணு தரம் கேட்டுட்டீங்கப்பா. எடுத்துட்டேன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கோச்சியில் அவளுக்கு எதிரே யாராவது உட்காருவார்கள். சப்பாத்தும் பளபளக்கலாம். என்னைவிட அதிகமாகப் பயந்திருந்த அந்த மனிதர் மட்டும் அங்கே இருக்கமாட்டார்.