கோபத்துக்குப் பின்னால் இருந்த பயம்

என் வீட்டில் நானும் என் மகள் எஸ்தரும் மெதுவாகப் பேசப் பழகியிருந்தோம். என் கணவர் சாமுவேலுக்குப் பயந்துதான். அவர் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். நானும் அங்கே உப்பு சுமக்கிறேன். அவர் சாதுவான மனுஷன். போன வருஷம் எங்கிருந்தோ கோபம் வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர்ச் சொம்பு இடம் மாறியிருந்தால் கோபம். வழியில் செருப்பு கிடந்தால் கோபம். ஒருநாள் எஸ்தரின் புத்தகப் பையில் கால் தடுக்கியதற்குப் பிள்ளையை அறைந்துவிட்டார். அதிலிருந்து அவள் அப்பா முகத்தைப் பார்ப்பதேயில்லை.

"ஆண்டவரே, இந்தக் கோபத்தை எடுத்துப்போடும்" என்று அழுதேன். உபவாசம் இருந்தேன். ஒன்றும் மாறவில்லை. அம்மா வீட்டுக்கே போய்விடலாமென்று துணிகளை மூட்டை கட்டினேன். கிளம்புமுன் முழங்காலிட்டபோது வேறொரு ஜெபம் வாயில் வந்தது. "அப்பா, இவருக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குக் காட்டுங்க." மூட்டையை அப்படியே வைத்துவிட்டேன்.

மறுநாள் உப்பளத்தில் எனக்கு முன்னால் வரப்பில் நடந்தார். வரப்பு வளையும் இடத்தில் வளையாமல், நல்ல வெளிச்சத்தில், நேராக உப்புப் பாத்திக்குள் விழுந்தார். உப்புத்தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, வரப்பு தெரியலையா?"

"தெரியல மேரி. ஓரத்துல இருக்கறது எதுவுமே தெரியல. ரொம்ப நாளாவே."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா வேலைக்குக் கூப்பிடுவாங்களா? பாப்பா படிப்பு என்னாவறது? பயமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

புதுச்சேரியில் கண் டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் என்றார். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். பார்வை முழுதும் வேண்டுமென்று நான் கேட்டேன். ஆண்டவர் மிச்சத்தைக் காப்பாற்றினார். அந்தத் துக்கம் இன்னும் எனக்குண்டு, மறைக்க மாட்டேன்.

டாக்டரைப் பார்த்துவந்த அன்று சாயங்காலம் எஸ்தரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பா அடிச்சது தப்பும்மா, மன்னிச்சிடு" என்றார்.  மருந்துப் புட்டியை எடுத்து அவர் கண்ணில் முதல் சொட்டை விட்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் கோபத்துக்குப் பதில் சில நாள் அழுகை. ஆனால் மூன்று பேரும் சேர்ந்து அழுகிறோம், சேர்ந்து ஜெபிக்கிறோம். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் காரணமில்லாமல் ஒருவர் சீறிக்கொண்டிருக்கலாம். அவருக்குள் எது வலிக்கிறது என்று ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டுவதைத் தாங்கும் பெலனையும் தருவார். எனக்குத் தந்தார்.