அது வைரஸ் இல்லை, தமிழ்

அக்காவின் ஆய்வேட்டை அன்று சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே தவணை வாங்கியாயிற்று, இனி கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். தப்பினால் பதிவே ரத்து. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கடியப்பட்டணத்துக்காரி, கல்லூரியில் எனக்கு மூத்தவள். மீன் விற்கும் பெண்கள் விலை பேசும் மொழிதான் அவள் ஆய்வு. அவளுடைய அம்மையே மீன் விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தாள். கொட்டாரத்தில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடையில் வைத்து முழுவதையும் அடித்துக் கொடுத்தது நான்.

எங்கள் கடையில் லேசர் பிரிண்டர் கிடையாது. பிளாப்பியை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு ஓடினோம். அந்தக் கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளை மாதிரி. கொஞ்ச நாள் முன்னால் யாரோ கொண்டுவந்த பிளாப்பியிலிருந்து வைரஸ் ஏறி, திரையில் எழுத்தெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து, கோயில் கொடை நோட்டீஸ் மொத்தமும் அழிந்து, கமிட்டிக்காரர்கள் அடிக்கவே வந்துவிட்டார்களாம். அதிலிருந்து ஒரு ஆன்டிவைரஸ் பிளாப்பி வாங்கி வைத்திருந்தார். அதைக் கும்பிடாத குறைதான். யார் வந்தாலும் முதலில் சோதனை, பிறகுதான் பேச்சு.

எங்கள் பிளாப்பியைப் போட்டதும் கம்ப்யூட்டர் கத்தியது. திரை சிவந்தது.

“பாத்தியா பிள்ளே? வைரஸ்! எனக்க கடைக்கு உலை வைக்கவா வந்திய?”

எந்தக் கோப்பு என்று எட்டிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எங்கள் தமிழ் புரோகிராம். அந்தக் காலத்தில் தமிழ் அடிக்க அது மெமரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் தட்டுகிற ஆங்கில எழுத்தை வழியிலேயே பிடித்துத் தமிழாகக் காட்டும். வைரஸும் அப்படித்தான் மெமரிக்குள் போய்ப் பதுங்கும். அந்த அரைகுறை ஆன்டிவைரஸுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

“அண்ணே, அழிச்சிராதீங்க! அது வைரஸ் இல்ல, தமிழு!” என்று கத்தினேன்.

பாவி மனுஷன் அதற்குள், அழிக்கவா என்று திரை கேட்டதற்கு ‘ஒய்’யைத் தட்டிவிட்டார்.

“உங்க பைலு அப்படியேதான் இருக்கு. இதப் பாரு” என்று முதல் பக்கத்தை பிரிண்ட் கொடுத்தார். வெளியே வந்த தாளில் தமிழே இல்லை. வெறும் ஆங்கில எழுத்துகள், நடுவில் அரைப்புள்ளிகள். திரையிலும் பக்கம் பக்கமாக அதே கூத்து. அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, எல்லாம் போச்சா?”

“ஒண்ணும் போவல. நான் வாசிக்கேன், கேளுங்க.” அந்த விசைகளோடே கிடந்தவள் நான், எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று மனப்பாடம். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். “மீன் விற்கும் பெண்கள் முதலில் சொல்லும் விலை, விலை அல்ல…” அக்காவுக்கு மூச்சு வந்தது. அது அவளுடைய முதல் இயலின் முதல் வரி.

என் பையில் இன்னொரு பிளாப்பி இருந்தது, அதே புரோகிராமோடு. அதன் மூலையில் இருந்த சின்னப் பூட்டைத் தள்ளிவிட்டேன். இனி யாரும் அதில் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஆனால் ஆன்டிவைரஸ் ஓடும்வரை புரோகிராமை ஏற விடாது. அதை நிறுத்தச் சொன்னேன். கடைக்காரர் கையை விரித்தார்.

“இன்னொருக்க அடி வாங்க என்னால ஏலாது மக்களே.”

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய ஆன்டிவைரஸ் பிளாப்பியை ஒடித்துப் போட்டிருப்பேன். அக்காதான் தணிந்து பேசினாள். “அண்ணே, உங்களுக்கு மெஷினு போனா வேற வாங்கலாம். எனக்கு இன்னைக்குப் போனா திரும்ப வராது.”

அவர் மற்ற மெஷின்களை எல்லாம் அணைத்தார். ஆன்டிவைரஸை நிறுத்தி, என்னைத் தமிழ் புரோகிராமை ஏற்றச் சொன்னார். “மொதப் பக்கம்தான் வந்தாச்சே” என்று இரண்டாம் பக்கத்திலிருந்து பிரிண்ட் கொடுத்தார். தமிழ் வந்தது. கடைசித் தாள் வரும்வரை மூன்று பேரும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எந்த எழுத்தும் உதிரவில்லை. தாள்கட்டை அள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம்.

திருநெல்வேலியில் பைண்டிங் கடையில் நகலெடுக்கத் தாள்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன். அட்டைக்கு அடுத்த பக்கம், சமர்ப்பணப் பக்கம். அதில் ஒரே ஒரு சொல்தான். எம், கே, அரைப்புள்ளி, ஐ, கே, எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப். அவர் முதலில் எடுத்த தாளேதான் அது. ‘அம்மைக்கு’ என்று நான் அடித்தது இப்படிக் கிடந்தது. ஆபீஸ் மூடும் நேரம் நெருங்கிவிட்டது.

“எடுத்துருவோமா அக்கா?”

“எனக்க அம்மைய வெளிய நிறுத்திட்டு நான் மட்டும் உள்ள போவணுமா? வச்சித் தைக்கச் சொல்லு.”

நாங்கள் போனபோது குமாஸ்தா மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தார். முறைத்துக்கொண்டே வாங்கி முத்திரை குத்தினார்.

மறுநாள் கடியப்பட்டணத்தில் ஒரு பிரதியை விரித்து அந்தப் பக்கத்தை அம்மையிடம் காட்டினாள் அக்கா. அம்மைக்கு எந்த எழுத்தும் தெரியாது. கையைச் சேலையில் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதாக்கும் நானு?”

“ஆமாம்மா” என்றாள் அக்கா.