புழுத்துளையை நம்பி: கிண்ணியாவில் இரண்டு நாள்

பழைய கையெழுத்துப் புத்தகங்கள் இருக்கும் வீடுகளுக்குப் போக எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதத் தொடங்கினால் அங்குமிங்கும் அலைவேன் என்று எனக்கே தெரியும். ஆகவே முதலில் ஓர் ஒழுங்கு:

1. ஏன் போனேன், எப்படிப் போனேன்.
2. கையெழுத்துப் புத்தகத்தின் உறுப்புகளும் பெயர்களும்.
3. எழுத்தை வாசிக்கத் தெரியாமலே குலைந்த தாள்களை அடுக்கும் முறை.
4. இடையில் தாள் தொலைந்ததா என்பதைப் புழுத்துளை சொல்லிவிடும் என்பது.
5. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

கிண்ணியா நஸார் வவுனியாவில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர். ஓய்வுக்குப் பிறகு நான் ஓலைச்சுவடிகளுக்கு விவர அட்டவணை எழுதிப் பழகியதை அறிந்தவர். கடந்த பெப்ரவரியில், மழை ஓய்ந்த பிறகு, தொலைபேசியில் அழைத்தார். அவர்களுடைய மூத்தப்பா, அதாவது பாட்டனார், எழுதிய புத்தகம் ஒன்று நூல் அறுந்து, தாள் தாளாகக் கிடக்கிறதாம். மூத்தோர் நினைவாகக் குடும்பம் வருடந்தோறும் ஓதிச் சோறு கொடுக்கும் கந்தூரிக்கு முன் அதைக் கட்டுவிக்க வேண்டும், ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். எனக்கு அரபு எழுத்து தெரியாது என்றேன். “அதுக்கு எங்கட ராத்தா இரிக்கா, நீங்க வாங்க ஐயா” என்றார். ராத்தா என்றால் அக்கா. என்னால் என்ன ஆகப்போகிறது என்ற யோசனையில் இரண்டு நாள் போயிற்று; பிறகு புறப்பட்டேன்.

வவுனியாவிலிருந்து காலை ஐந்தே முக்கால் பஸ். ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். நான் கொடுத்தது 380 ரூபா. ஓர்ஸ் ஹில்லில் மைத்துனர் வீட்டில் பையை வைத்துவிட்டு, கிண்ணியா பஸ் எடுத்தேன். சுமார் இருபது கிலோமீற்றர், 100 ரூபா. வலப்பக்க யன்னலோரம் இருக்காதீர்கள் என்று எழுத நினைத்தேன். வெயில் போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்பதால் அந்த ஆலோசனையால் பயனில்லை. இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டோவில் போனேன். “ஐயா ஆற்ற வீட்டுக்கு?” என்றார் சாரதி. நஸாரின் பெயரைச் சொன்னதும், “டீச்சர்ட வீடெண்டு சொல்லுங்களன். என்னைக் கணக்குல ரெண்டு முறை பெயிலாக்கின மனிசி” என்று சிரித்துக்கொண்டே 200 ரூபா வாங்கினார்.

அந்த டீச்சர்தான் நஸாரின் அக்கா, ஜெஸீமா. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் தாள்களை வைத்திருந்தார். அறுபது தாளுக்கு மேல் இருக்கும். நான் மரியாதையோடு இடப்பக்கத்திலிருந்து முதல் தாளைத் தூக்கினேன்.

“என்ன ஐயா, மௌத்திலயிருந்து பிறப்புக்குப் போறீங்க?” என்றார் ஜெஸீமா. மௌத் என்றால் இறப்பு. அரபு எழுத்துப் புத்தகம் வலப்பக்கம் தொடங்கும் என்பதைப் படித்திருந்தும் கை பழக்கத்துக்குத்தான் போனது.

இனி உறுப்புகள். ஓலைச்சுவடியில் ஒரு தனி ஓலை ஏடு. ஏடுகளைத் துளையிட்டு, அதில் நாராசம் என்ற கம்பியோ கயிறோ கோப்பார்கள். தாள் புத்தகத்தில் துளையில்லை. சில தாள்களை ஒன்றாக மடித்து ஒரு கட்டாக்கி, கட்டுகளை முதுகில் தைப்பார்கள். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மையில்லாத கோடுகள் தெரியும். நூல்களை இழுத்துக் கட்டிய அட்டையில் தாளை வைத்து அழுத்தி எடுத்த கோடுகள் அவை. வரி நேராக ஓட அவைதான் துணை. தலைப்புகள் சிவப்பு மையில். மற்றவை கறுப்பாக இருந்து பழுப்பேறியவை. எழுதியவர் தன் பெயரும் ஊரும் சொல்லி முடிக்கும் கடைசிப் பகுதி முடிப்புரை. இந்தப் புத்தகம் அரபுத்தமிழ்: எழுத்து அரபு, மொழி தமிழ். நான் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஜெஸீமா வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மூத்தப்பா ஓடத்தில் சரக்கேற்றிப் போன ஒரு கடற்பயணத்தைப் பாடிய பாட்டு.

அடுக்குவதற்கு உதவியது ஒரு சிறு வழக்கம். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும், இடது கீழ்மூலையில், அடுத்த தாளின் முதற்சொல்லைச் சாய்வாக எழுதிவைத்திருக்கிறார்கள். நான் அதை அழைசொல் என்று குறித்துக்கொண்டேன். வேறு பெயர் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லலாம். அந்தச் சொல்லின் உருவத்தை நான் கண்ணால் தேடுவேன். ஜெஸீமா வாசித்து, “ஓம், அதுதான்” என்பார். பின்னேரத்துக்குள் எல்லாம் வரிசைக்கு வந்தன, ஓரிடம் தவிர. அங்கே ஒரு தாளின் அழைசொல்லுக்கு உரிய தாள் மேசையில் இல்லை.

மடிப்போரம் பொடிந்திருந்ததால் கிழித்த அடையாளம் தேட வழியில்லை. நான் புழுத்துளைகளைப் பார்த்தேன். புழு தாள்களை ஊடுருவித் தின்னும். துளை தாளுக்குத் தாள் சிறிது சிறிதாக நகரும். தாள் ஒன்று இடையில் போயிருந்தால் அந்த நகர்வு தாவும். இங்கே இரு தாள்களின் ஏழு துளைகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தின. ஆகவே தாள் ஒன்றும் குறையவில்லை, எழுதியவர் அழைசொல்லைத் தவறாக எழுதியிருக்கலாம் என்றேன். இரண்டு முறை சரிபார்த்துத்தான் சொன்னேன்.

“அப்ப சரி,” என்றார் நஸார். “நாளைக்குக் கட்டக் குடுப்பம். மூண்டு பக்கமும் வெட்டி, பசை போட்டா புதுசு மாதிரி இரிக்கும்.”

“வெட்டினா அந்த மூலைச் சொல்லெல்லாம் போகும் நஸார்” என்றார் ஜெஸீமா. “அதோட, இந்த எடத்தில ஓடம் துறையை விட்டுப் போகுது. அடுத்த தாள்ல எல்லாரும் கரையில நிண்டு உடுப்புக் காயப்போடுறாங்க. நடுவுல ஒரு கடலே குறையுது. ஒரு வெறுந்தாள் வைக்கணும்.”

“ஐயாவே குறையல்ல எண்டுட்டாரு. வெறுந்தாளை வச்சா கந்தூரியில சனம் என்ன கேக்கும்? ராத்தா, நீங்க ஐயாவையும் பெயிலாக்கப் போறீங்களா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருமுறை பசை போட்டு வெட்டிவிட்டால் அந்தப் புத்தகம் அப்படியே நின்றுவிடும். என் சொல்லைக் கேட்டுத்தான் அது நடக்கும். வெட்டவே கூடாது, பசையும் கூடாது, நூலால் தைத்தால் போதும் என்று சொன்னேன். வெறுந்தாள் பற்றிக் கேட்டபோது, புழுத்துளைச் சான்றின்படி தேவையில்லை என்றேன். ஜெஸீமா தேத்தண்ணி ஊற்றப் போனார்.

மறுநாள் நகரில், கட்டுபவரின் கடைக்கு மூவரும் போனோம். “வெட்டாமக் கட்டினா ஓரமெல்லாம் பல்லிளிக்கும்” என்றார் அவர். “இளிக்கட்டும்” என்றார் ஜெஸீமா. தாள்களைக் கொடுக்கும்போது அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் செருகினார். நஸார் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். நான் தடுக்கவில்லை. கணக்கு டீச்சரிடம் வாதாட எனக்குத் துணிவில்லை.

போகிறவர்களுக்கு: பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம், ஈரம் குறைவு. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். பேனையைப் பையிலேயே விடுங்கள், பென்சில் போதும். ஒட்டுநாடா ஒட்டுவதையும் பிளாஸ்ரிக் உறை உருக்கிப் பூசுவதையும் வீட்டார் பெருமையாகச் சொன்னால், மெதுவாக மறுத்துச் சொல்லுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், யார் வீட்டுக்கும் போகாதீர்கள். எழுத்து தெரியாது என்று போகாமல் இருக்காதீர்கள். வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் கண் மட்டுமே போதுமான வேலை நிறைய உண்டு.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். போன கிழமை ஜெஸீமா அழைத்தார். கந்தூரியில் பாட்டை வாசித்துக்கொண்டு வந்து வெள்ளைத் தாளில் நிறுத்தியிருக்கிறார். மூதூரிலிருந்து வந்திருந்த அவரது பெரிய வாப்பாவின், அதாவது பெரியப்பாவின், மகன் எழும்பி, “ஏன் நிப்பாட்டின? புயல் எங்க? அது எங்கட வள்ளத்தில தகரப்பெட்டிக்குள்ள இரிக்கே!” என்றாராம். புயலிலிருந்து மீண்டதைப் பாடும் அந்தத் தாளைக் காவலாகக் கடலுக்குக் கொண்டுபோவது அவர்கள் பக்கத்து வழக்கம். எந்தக் காலத்தில் எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் தாள் வந்தது. ஜெஸீமா படம் அனுப்பினார். உப்பேறி ஓரம் கறுத்திருக்கிறது. முதற்சொல் முன்தாளின் அழைசொல். அதன் அழைசொல் பின்தாளின் முதற்சொல். வெள்ளைத் தாள் இருந்த இடத்தில் வைத்துத் தைத்துவிட்டார்களாம்.

அந்தத் தாளில் ஒரு புழுத்துளைகூட இல்லை. ஆகவே மேலே நான்காம் எண்ணில் நான் சொன்னது பிழை. அதை அழிக்காமல் விடுகிறேன், என்னைப் போல யாராவது அதை நம்பக்கூடும் என்பதால். புழு தான் தின்ற நாளில் தாள்கள் இருந்த வரிசையை மட்டுமே அறியும். அதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்ட தாளை அது கண்டதேயில்லை.