அக்கா வீட்டு விரல் நாற்காலி

பத்தாவதோடு நின்றவள் நான். அக்காவைப் பற்றி எழுதத் தகுந்தவர்கள் குடும்பத்தில் பலர் இருக்க, நான் பேனா எடுத்ததைப் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். இதில் புகழ்ச்சியைவிட என் பொறாமை அதிகமாக இருக்கும். அதையும் பொறுக்க வேண்டும்.

அக்கா போபோடியில் பிறந்தார். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து, மராத்தி பேசும் ஊரான கட்கிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்; போபோடி அதன் பக்கத்தில். அக்கா அங்கேயே கோர்படி ரயில்வே காலனிக்கு வாழ்க்கைப்பட்டார். பிள்ளைகள் இல்லை. மாமா சீக்கிரமே காலமாகிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அருகிலேயே ஓர் அறை எடுத்து, வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அவர்கள் மராத்தியிலும் இந்தியிலும் அழுவார்கள். அக்கா வேலூர்த் தமிழிலேயே சமாதானம் செய்வார்.

தொண்ணூறுகளில் கேம்ப் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. மகள் சுதாவை அக்காவிடம் விட்டேன். ஐந்து வயதாகியும் அவள் விரல் சப்புவதை விடவில்லை. முன்பற்கள் துருத்திக்கொண்டு வந்தன. வேப்பெண்ணெய் தடவினேன், துணி சுற்றினேன், அடித்தும் பார்த்தேன்.

அக்கா வீட்டு மூலையில் ஒரு சின்னச் சிவப்பு நாற்காலி இருந்தது.

"விரல் போடணுமா கண்ணு? தாராளமா போடு. அந்தச் சேர்ல உக்காந்து போட்டுட்டு வா. நாங்க இங்க வெளாடினு இருக்கோம்" என்பார்.

திட்டு இல்லை, கேலி இல்லை. மற்ற பிள்ளைகள் பட்டாணி உரித்துக்கொண்டும் சப்பாத்தி மாவில் பாம்பு உருட்டிக்கொண்டும் இருக்கும்போது, எந்தக் குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கும்? சுதா சீக்கிரமே எழுந்து வந்துவிடுவாள். இரண்டு மாதத்தில் அங்கே விரல் வாய்க்குப் போவதே இல்லை. என் வீட்டுக்கு வந்ததும் போகும்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானும் ஒரு நாற்காலி வாங்கி, "போய் உக்காரு!" என்று அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். அழுதுகொண்டே இன்னும் அதிகமாகச் சப்பினாள்.

"அடியே, அது தண்டனை இல்லடி. அவளா போவணும், அவளா எழுந்து வரணும்" என்றார் அக்கா.

"ஆமா, எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனாலும் அவர் சொன்னபடியே விட்டேன். மறுமாதம் பழக்கம் நின்றது. ஒரு காதுகுத்து விசேஷத்தில் யாரோ, "எப்படி நிறுத்தின?" என்று கேட்க, "நான்தான் பாடுபட்டு நிறுத்தினேன்" என்றேன்.

"பொய்! பெரியம்மாதான்!" என்று சுதா கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"போடி வாயாடி. நான் சேர்தான் போட்டேன். நீ தூங்கற வரிக்கும் கையைப் புடிச்சினு உக்காந்தது உங்கம்மா" என்றார் அக்கா.

நான் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்யின்மேலும் பொறாமைப்பட்டேன். அவர் இடத்தில் இருந்திருந்தால் எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது.

சென்ற ஆண்டு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. படுத்திருந்த நான்கு மாதமும் சுதா கல்லூரி முடிந்ததும் நேராக அங்கேதான் போவாள். எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிற பெண், அவருக்குத் தலை வாரிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள். கதவருகே நின்று பார்த்துவிட்டு வருவேன்.

அக்கா கண்மூடிய அன்று சுதா என்னிடம் வந்தாள். "அம்மா, பெரியம்மாவுக்கு நான் கொள்ளி வெக்கறேன்."

"பெத்தவங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ, இன்னொருத்தருக்குப் பொண்ணு கொள்ளி வெக்கறதா?" என்றார் சித்தப்பா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பெற்ற பிள்ளையை அத்தனை பேர் முன்னால் எழுதிக்கொடுப்பதுபோல் இருந்தது.

"வெக்கட்டும் சித்தப்பா. அவங்க பொண்ணுதான்" என்றேன்.

அக்காவை ஆட்டோவில் டயாலிசிஸுக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டார், தோள் கொடுத்த காலனிக்காரர்கள், அன்று மனம் மாறி ஒப்புக்கொண்ட சித்தப்பா, அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

மறுநாள் காலை சுதா போய் அஸ்தியை வாங்கி வந்தாள். பக்கத்துப் புண்ணியத் தலமான ஆலந்தியில் ஆற்றில் கரைத்தாள். நான் கரையில் நின்றேன்.